பன்னீருக்கு முன்னால் பரமன்

தங்கை கல்யாணத்து மொய் நோட்டைக் கணினியில் ஏற்றி, பெயர்களை அகரவரிசைப்படுத்தி அச்செடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டினேன். முப்பது வருஷம் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். பட்டியலில் ஓடிய விரல் பகரத்தில் நின்றது.

"பரமனுக்கு முன்னால பன்னீர் எப்படிடா வந்தான்? பவளத்துக்கு முன்னால பழனி வேற."

நிரலில் பிழையில்லை என்றேன். ஜாவாஸ்கிரிப்டில் வெறுமனே சார்ட் என்றால் அது எழுத்தின் யூனிகோடு எண்ணைப் பார்த்து அடுக்கும். அந்த எண்வரிசையே அப்படித்தான்: ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ள-வை அடுத்து ழ. போதாததற்கு க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று காலி இடங்கள். இந்திக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டிவிட்டார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுவருகிறேன். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அன்றிரவே தோண்ட உட்கார்ந்தேன்.

முதல் தடம் சுலபம். 1991 அக்டோபரில் வந்த யூனிகோடு முதல் பதிப்பு, ஒன்பது இந்திய எழுத்துமுறைகளையும் 1988-இன் இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டுத் தரத்தை ஒட்டி அடுக்கியது. ஒலி ஒன்றானால் இருக்கையும் ஒன்று. தேவநாகரி 'க'வின் எண் 2325. 640 கூட்டினால் 2965, நம் 'க'. நம்மிடம் இல்லாத எழுத்துக்கு நாற்காலி காலி. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் இன்றும் 72-தான் நிரம்பியிருக்கின்றன.

கோபத்துக்குச் சான்று கிடைத்துவிட்டதென்று படுக்கப் போனேன். தூக்கம் வரவில்லை. சட்டை இந்திக்குத் தைத்ததென்றால் ழ-வுக்கு அதில் இடம் எப்படி வந்தது? எழுந்து கழித்துப் பார்த்தேன். ழ-வின் எண் 2996. 640 போனால் 2356. தேவநாகரி அட்டவணையில் அந்த இடத்தில் ஓர் எழுத்து உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய ள-வின் காலடியில் ஒரு புள்ளி! திராவிட ஒலியை எழுத என்று பக்கத்தில் குறிப்பு. ன-வுக்கு ந-வின் கீழ்ப் புள்ளி, ற-வுக்கு ர-வின் கீழ்ப் புள்ளி. நம் மூன்று எழுத்துகளும் ஏன் அந்த அண்டை வீடுகளில் குடியிருக்கின்றன என்பது அப்போதுதான் புரிந்தது. தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றிலும் ற அதே இருக்கையில் இருக்கிறது. மலையாள ழ-வும் அப்படியே. தேவநாகரி எழுத்துகளுக்காக நம் அட்டவணையில் காலி இடம் என்றால், தேவநாகரியிலும் நமக்காக எழுத்து வைத்திருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

காலையில் பெரியப்பாவிடம் ஓடினேன். அவர் இருக்கை, எண் எதையும் காதில் வாங்கவில்லை.

"பன்னீர் இடம் மாறினானா, இல்லையா?"

"இல்ல பெரியப்பா. எழுத்தோட இடமே அப்படி."

"அச்சுக் கேஸ்ல நாங்க எழுத்தை அகரவரிசையிலயா போட்டு வச்சிருந்தோம்? எது அடிக்கடி வேணுமோ அது கைக்குக் கிட்ட. அதுக்காகப் புஸ்தகத்துல அகராதி மாறிப்போச்சா?"

மறுபடி கேட்டேன். மறுபடி அதையே சொன்னார். மூன்றாம் முறை உறைத்தது. எழுத்து இருக்கும் இடம் வேறு, அடுக்கும் முறை வேறு. யூனிகோடிலேயே வரிசைக்குத் தனி விதிகள் உண்டு. மொழி தமிழ் என்று நான் சொல்லியிருந்தால் உலாவியே நம் நெடுங்கணக்குப்படி அடுக்கியிருக்கும். சொல்லாதது நான். எத்தனை செயலிகளில் இப்படிச் சொல்லாமல் விட்டிருக்கிறோம் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. காலி இடங்கள் பற்றிய வருத்தம் மட்டும் முழுதாகப் போகவில்லை. ஒருமுறை கொடுத்த எண்ணை யூனிகோடு மாற்றாது.

ஒரு சொல் சேர்த்துப் புதிதாக அச்செடுத்தேன். பரமன், பவளம், பழனி, பன்னீர். பெரியப்பா தலையாட்டினார். பிறகு புள்ளி வைத்த அந்த எழுத்தைப் பெரிதாக எடுத்துத் தரச் சொல்லி, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் புள்ளியை எழுத்தோட சேர்த்தே வார்த்தாங்களா, தனியா வார்த்து வச்சாங்களா? அதைக் கண்டுபிடிடா."

தேடிக்கொண்டிருக்கிறேன்.