நம்பர் தெரியல, லைட்டுதான் தெரிஞ்சது

இன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல் பார்க்கிங் பக்கம் போனீங்கன்னா ஒரு வேலை செய்யுங்க. உங்க வண்டியை ஸ்டார்ட் பண்ணி லைட்டைப் போட்டுட்டு, பின்னாடி போய் நம்பர் பிளேட்டைப் பாருங்க. மேலேருந்து அதுமேல ஒரு வெள்ளை வெளிச்சம் விழுதா? எனக்கு மூணாம் வருஷம் இ.இ.இ. வர்ற வரைக்கும் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. தெரியாததாலதான் 350 ரூபாய் கொடுத்து ஒரு எல்இடி ஃபிரேம் வாங்கினேன்.

போன தீபாவளி லீவு. ராஜபாளையத்துல ஒரு ஆக்சசரீஸ் கடை. கண்ணாடி மாதிரி அக்ரிலிக் சட்டம், நாலு ஓரமும் நீல எல்இடி, ரெண்டே வயர், சிவப்பு ஒண்ணு கறுப்பு ஒண்ணு. கடைக்காரரே மாட்டித் தர்றேன்னார். இ.இ.இ. படிக்கிறவன் ரெண்டு வயரை இன்னொருத்தர்கிட்ட கொடுத்து மாட்டுறதா? வேணாம்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

வண்டி அப்பாவோட பழைய ஸ்பிளெண்டர். டிஎன் 67. (இப்போ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸ்ல பதியிற வண்டிக்கெல்லாம் டிஎன் 84. நம்ம வண்டி அதுக்கும் மூத்தது.) டெயில் லைட் வயரைச் சுரண்டி அதோட இதையும் முறுக்கி டேப் சுத்தினேன். எரிஞ்சது. ஆனா ஐடிலிங்ல நடுங்குது, ரேஸ் கொடுத்தா பளிச்சுங்குது. மல்டிமீட்டரை டிசி-யில வச்சா ஒழுங்கா ஒண்ணும் காட்டல. ஏசி-க்கு மாத்தினதும் ரீடிங் வந்தது. அப்பதான் மண்டையில ஏறிச்சு. இந்த மாதிரி பழைய வண்டியில ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் பேட்டரியில எரியாது. இன்ஜின் சுத்தும்போது மேக்னெட்டோ காயில்ல வர்ற ஏசி-யில நேரா எரியும். சாதா பல்புக்கு அது பிரச்சினையே இல்ல, இழை சூடு ஆறுறதுக்குள்ள அடுத்த சைக்கிள் வந்துரும். எல்இடி ஒரு டயோடு, பாதி சைக்கிள்ல தூங்கிடும். அதனால அந்த வயரை விட்டுட்டு, ஹாரனுக்குப் போற பேட்டரி லைன்ல ஒரு ஆம்பியர் ஃபியூஸ் போட்டு எடுத்தேன். ஆடாம அசையாம எரிஞ்சது. தெருவே நீலமாயிடுச்சு. அன்னைக்கு எனக்கு இருந்த பெருமை, செமஸ்டர்ல ஆல் கிளியர் ஆனப்போகூட இல்ல.

மாமா ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா கிண்டுறவர். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின அதே பால்கோவாதான். அதைக் கிண்டுற கை யாரும் பார்த்திருக்க மாட்டீங்க. விறகு அடுப்பு, பெரிய இரும்புச் சட்டி, பால் சுண்டி இறுகுற வரைக்கும் துடுப்பை நிறுத்தக்கூடாது. நிறுத்தினா அடி பிடிச்சிரும். முழு வேலையும் வலது மணிக்கட்டுலதான். வேலை முடிஞ்சு ராத்திரி எக்ஸ்எல்-ல ராஜபாளையம் வருவார். சுமார் 12 கிலோமீட்டர், நாலு பக்கமும் லாரி போற மதுரை–தென்காசி ரோடு.

கார்த்திகை மாசம் ஒரு ராத்திரி பின்னாடியிருந்து ஒரு பைக் அவரை உரசித் தள்ளிட்டுப் போயிடுச்சு. வலது மணிக்கட்டு எலும்பு ரெண்டு இடத்துல போச்சு. தோள்பட்டையிலயும் விரிசல்.

மறுநாள் நானும் மாமா பையனும் என் வண்டியிலதான் அந்த இடத்துக்குப் போனோம். எதிர்ல இருந்த டீக்கடை அண்ணாச்சிதான் மாமாவைத் தூக்கி உக்கார வச்சவர். அந்த பைக்காரன் கொஞ்ச தூரம் போய் நின்னு திரும்பிப் பார்த்தானாம். அப்புறம்தான் ஓடினானாம். "அப்ப நம்பரைப் பாத்தீங்களாண்ணாச்சி?"ன்னு கேட்டேன்.

"நம்பர் எங்க தம்பி தெரிஞ்சது? நீலமா லைட்டுதான் தெரிஞ்சது. கண்ணைப் பறிக்குது." அப்படியே என் வண்டியைப் பார்த்தார். "இந்தா, இதே மாதிரிதான்."

மாமா பையன் என்னைப் பார்க்கல. வேணும்னே ரோட்டைப் பார்த்துக்கிட்டு நின்னான்.

ஸ்டேஷன்ல வழக்கு பதிஞ்சாங்க. பக்கத்துல ஒரு கடை கேமராவுல அந்த பைக் பதிவாகியிருந்தது. நம்பர் இருக்க வேண்டிய இடத்துல ஒரு வெளுத்த நீலத் திட்டு, அவ்வளவுதான். நம்பர் கிடைச்சிருந்தா அந்த வண்டியோட இன்ஷூரன்ஸ்ல மருத்துவச் செலவு, போன சம்பளம் எல்லாத்துக்கும் கேட்டிருக்கலாம். அடிச்சிட்டு ஓடின வண்டி எதுன்னே தெரியலன்னா, 2022 ஏப்ரல்லேருந்து இருக்கிற திட்டப்படி பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிர் போனா 2 லட்சம். அதோட சரி. துடுப்பைப் பிடிக்க முடியாத ஒருத்தருக்கு மூணு மாசச் சம்பளமும் ஆபரேஷனும் எவ்வளவு ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

மாமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவரைப் பார்க்கப் போறப்போ வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திட்டு நடந்து போக ஆரம்பிச்சேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ஐ அப்பதான் எடுத்துப் படிச்சேன். 105-ஆவது விதி. பின்பக்க நம்பர் மேல வெள்ளை வெளிச்சம் விழணும், 15 மீட்டர் தள்ளி நின்னா படிக்கத் தெரியணும். டேப்பை எடுத்துக்கிட்டு எங்க தெருவுல 15 மீட்டர் அளந்து சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டேன். ஃபிரேமைப் போட்டுப் பார்த்தேன். என் சொந்த வண்டி நம்பர், மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர், எனக்கே தெரியல. ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் பார்த்தேன். அப்பவும் தெரியல! கிட்டப் போய்ப் பார்த்தா, டெயில் லைட்டுக்கு அடியில ஒரு சின்ன வெள்ளைக் கண்ணாடி. அது வழியாதான் அந்த பல்பு வெளிச்சமே பிளேட் மேல இறங்கணும். அதுல பல வருஷத்துச் சேறு. போதாக்குறைக்கு நான் மாட்டின ஃபிரேமோட மேல் விளிம்பு அதை மறைச்சுக்கிட்டு நிக்குது. கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த லைட்டை மூடிட்டு, அதுக்கு மேல 350 ரூபாய்க்கு லைட் வாங்கி மாட்டியிருக்கேன்.

விஷயம் இவ்வளவுதான்: டார்ச்சை ஒரு புத்தகத்து மேல அடிச்சா எழுத்து தெரியும். அதையே உங்க முகத்துக்கு நேரா அடிச்சா புத்தகமும் தெரியாது, டார்ச்சும் தெரியாது. ஃபிரேம்ல இருக்கிற எல்இடி அத்தனையும் பின்னாடி வர்றவன் கண்ணைப் பார்த்துக்கிட்டு இருக்கு. பிளேட்டைப் பார்த்து ஒண்ணுகூட இல்ல. கேமராவும் அந்தப் பிரகாசத்துக்குத் தகுந்தபடி தன்னைக் குறைச்சுக்கும், எழுத்து இருட்டுல போயிடும்.

ஃபிரேமைக் கழட்டினேன். கண்ணாடியைத் துடைச்சதுமே பாதி வேலை முடிஞ்சது. ஆனா ஐடிலிங்ல மங்குற பிரச்சினை இருக்கே, அதுக்காக ஏற்கெனவே இழுத்து வச்ச பேட்டரி லைன்லயே வெள்ளை எல்இடி வச்சேன். மூணு மூணா ரெண்டு வரிசை. வண்டி ஓடும்போது பேட்டரியில 14.4 வோல்ட் வரைக்கும் வரும். ஒரு எல்இடி-க்கு 3.2 வீதம் மூணுக்கு 9.6 போக மிச்சம் 4.8. 20 மில்லி ஆம்பியருக்கு 240 ஓம் வருது, கையில இருந்தது 270, அதையே வரிசைக்கு ஒண்ணாப் போட்டேன். ஒரு தகரத்தை வளைச்சு, வீட்டு வாசல்ல சன்ஷேடு இருக்குமே அந்த மாதிரி பிளேட்டுக்கு மேல வச்சு, உள்பக்கம் எல்இடி-யைக் கீழே பார்க்க ஒட்டினேன். பின்னாடி நின்னா எல்இடி ஒண்ணுகூடக் கண்ணுல படாது. பார்க்க ஒரு கெத்தும் இல்ல. எங்க கேங்ல ஒருத்தன், "என்ன மச்சி, மாட்டுக் கொட்டாய்க்கு லைட் போட்ட மாதிரி இருக்கு"ன்னான்.

அன்னைக்கு சாயங்காலம் மாமா வீட்டு வாசல் வரைக்கும் வண்டியிலேயே போனேன். இருட்டினதும் அவரை வரச்சொல்லி, கோடு போட்டு, நிக்க வச்சேன். கையில மாவுக்கட்டு, கழுத்துல தொட்டில். "என்னடா மாப்ள இது, கண் டாக்டர் மாதிரி?"ன்னுக்கிட்டே வாசிச்சார். டிஎன் அறுபத்தேழுன்னு ஆரம்பிச்சு கடகடன்னு வந்தவர், கடைசி நம்பர்ல நின்னுட்டார்.

"மூணா எட்டாடா அது?"

போய்ப் பார்த்தேன். எட்டுதான். ஸ்டிக்கர் இடப்பக்கம் உரிஞ்சு போயிருக்கு. பின்பக்க எண் 40 மில்லிமீட்டர் உயரம், 7 மில்லிமீட்டர் தடிமன் இருக்கணும்னு விதி. இதுல பாதி தடிமன்கூட மிச்சமில்ல. திங்கக்கிழமை லேப் முடிஞ்சதும் புது பிளேட் எழுதக் கொடுக்கணும். மாமா எக்ஸ்எல்-லோட பிளேட்டையும் கழட்டி எடுத்து வச்சிருக்கேன்.