மருந்து ஊற்றாத மிளகாய் மேடை



போன பெரும்போகத்துக்கு எங்கட பாடசாலைத் தோட்டத்தில் போட்ட மிளகாய் நாற்றுமேடை பலருக்கு ஞாபகமிருக்கும். முளைத்து 10ஆம் நாள் அடித்தண்டு நூல் போல மெலிந்து, கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தது. நாற்றழுகல். பிள்ளைகள் அழாத குறை. "மண்ணுக்கு மருந்து ஊற்றுங்க சேர், ஒரு கிருமியும் மிஞ்சாது" என்றார் ஒரு பிள்ளையின் வாப்பா. தரம் 6 பிள்ளைகள் வெறுங்கையால் களை பிடுங்குகிற மண் அது. எங்களுக்கு மனம் வரவில்லை.

இம்முறை ஓகஸ்ட் வெயிலை நம்பினோம். மேடையைக் கொத்திச் சமப்படுத்தி, நன்றாக ஊறும் மட்டும் தண்ணீர் விட்டு, தெளிந்த பொலித்தீனை மண்ணோடு ஒட்ட இழுத்து மூடி, ஓரமெல்லாம் மண்ணால் அடைத்தோம். கறுப்புப் பொலித்தீன் சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும். தெளிந்ததுதான் வெயிலை மண்ணுக்குள் விடும். ஈரமண்ணில்தான் சூடு ஆழத்துக்கு இறங்கும், பங்கசும் சாகும். 6 கிழமை அப்படியே விட்டோம். நடுவில் ஒரு ஆடு ஏறிக் கிழித்தது, டேப் ஒட்டினோம்.

பிறகு ஆழக் கொத்தவில்லை. கீழ்மண் மேலே வந்தால் கிருமியும் கூடவே வரும். வரிசை பிடித்து ஐதாக விதைத்தோம்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேணும். போன முறை பின்னேரமும் தண்ணீர் ஊற்றச் சொன்னது நாங்கள்தான். இரவெல்லாம் ஈரம் நின்றால் அழுகாமல் என்ன செய்யும்? இப்போது காலையில் மட்டும்.

ஒரு மூலையில் கொஞ்சம் சாய்ந்தது, ஆடு கிழித்த பக்கம்தான். மற்றதெல்லாம் நிற்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஞாயிறு காலை வாங்க, வீட்டுக்குப் பத்துக் கன்று தரலாம். பழைய யோகட் கப் கொண்டு வாங்க.