பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

எந்தப் பாட்டைப் போடுவது என்ற ஒரு கேள்வியில் ஒரு வானொலியின் உயிரே தொங்கிக்கொண்டிருக்கக் கூடும். சென்ற வருடம் அதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன்.

திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அண்மையில், ஒரு கடையின் மேல்மாடி அறையில், ஐந்து இளைஞர்கள் சேர்ந்து இணைய வானொலியொன்றை நடத்துகிறார்கள். ஒரு கணினி, இரண்டு ஒலிவாங்கிகள், சத்தம் எதிரொலிக்காமலிருக்கச் சுவரில் ஒட்டிய முட்டை மட்டைகள். நிலையம் அவ்வளவுதான். கைபேசியில் கேட்க வேண்டும். தொடங்கிய வருடம் கடைக்காரர்கள் ஆசையோடு விளம்பரம் தந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அறை வாடகை மூன்று மாதம் நிலுவையில் நின்றபோது என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் வானொலிக்கு நாடகமும் கவிதையும் எழுதி அனுப்பியவன் என்பதால் வந்த மரியாதை அது.

"சேர், என்ன பாட்டுப் போட்டா சனம் கேக்கும்?" என்றார் அவர்களில் மூத்தவர்.

அறையில் மூன்று அபிப்பிராயங்கள் இருந்தன. ஒருவர், கொழும்பு எஃப்.எம். நிலையங்களைப் போல இரவும் பகலும் புதிய சினிமாப் பாடல்களே போக வேண்டும் என்றார். விளம்பரம் தர மீந்திருந்த ஒரே கடைக்காரரின் விருப்பமும் அதுதான். இன்னொருவர், இஸ்லாமிய கீதங்கள் மட்டும் போதும், அவையும் இசைக்கருவியில்லாமல் இருக்க வேண்டும் என்றார். மாதந்தோறும் ஒரு தொகை தந்து உதவும் பெரியவரின் நிபந்தனை அது. செய்தி வாசிக்கும் தங்கச்சி, மூன்று மொழியிலும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போடலாம் என்றார். முதலாவதை எடுத்தால் உதவிப்பணம் போகும். இரண்டாவதை எடுத்தால் விளம்பரம் போகும். மூன்றாவதை எடுத்தால் இரண்டும் போகலாம்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பழைய கதையைச் சொன்னேன்.

1952ஆம் ஆண்டு இந்தியாவில் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சாஸ்திரிய சங்கீதத்தில் தோய்ந்தவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய கட்சி. அகில இந்திய வானொலியில் திரையிசை குறைக்கப்பட்டது. படத் தயாரிப்பாளர்களோடு பிணக்கு முற்றியபோது அது ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. சனங்கள் சாஸ்திரிய சங்கீதத்தை ரசிக்கப் பழகுவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். அவர்களோ முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்கு வந்து சேர்ந்தார்கள்.

இலங்கை வானொலியின் கையில் அப்போது இரண்டு சாதகங்கள் இருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படையினருக்கென உருவான ரேடியோ சீயக்கின் வலிமையான சிற்றலைக் கருவி, போருக்குப் பின் இலங்கையிடம் வந்திருந்தது. அவுஸ்திரேலியரான கிளிஃபர்ட் டொட் தலைமையில் 1950இல் வர்த்தக சேவையும் தொடங்கியிருந்தது. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' கொழும்பிலிருந்து ஒலித்தது. பம்பாயில் பதிவு செய்து விமானத்தில் அனுப்பிய நிகழ்ச்சி. முதல் ஒலிபரப்புக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்ததாக அமீன் சயானி பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2024இல் அவர் காலமானபோதும் பத்திரிகைகள் அந்த நிகழ்ச்சியைத்தான் முதலில் நினைத்தன.

"அப்ப சினிமாப் பாட்டுத்தானே சேர் வென்றது?" என்று முதலாமவர் மடக்கினார்.

அவர் கேட்டது நியாயம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. தில்லி விழித்துக்கொண்டு 1957 ஒக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கியது. அதே பாடல்கள் இந்தியாவிலிருந்தே வரத் தொடங்கின. பாட்டு ஒன்றுதான் காரணமென்றால் இலங்கை வானொலியின் கதை அந்த வருடமே முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பின்னும் பல வருடங்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் எங்கள் வானொலி ஒலித்தது. மயில்வாகனனையும், கே.எஸ். ராஜாவையும், இராஜேஸ்வரி சண்முகத்தையும், பி.எச். அப்துல் ஹமீதையும் சொந்தக்காரரைப்போல் பெயர் சொல்லிக் கேட்டார்கள். அந்த அறிவிப்பாளர்கள் கேட்பவரோடு பேசினார்கள். நேயர் விருப்பத்திலும் பிறந்தநாள் வாழ்த்திலும் கேட்பவரின் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் தன் ஊரின் பெயர் வருமா என்று காத்திருந்தவர்கள் அந்தப் பாட்டையும் சேர்த்துக் கேட்டார்கள். மூதூர் லோஞ்சில் யாரோ ஒருவரின் டிரான்சிஸ்டரில் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் வந்தால், அதுவரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

1998இல் சூரியன், சக்தி என்று தனியார் தமிழ் எஃப்.எம். நிலையங்கள் வந்தபோது அந்தக் காத்திருப்பைத் தொலைபேசிக்கு மாற்றினார்கள். கடிதம் போட்டு மூன்று கிழமை பார்த்திருந்த இடத்தில், அழைத்தவரின் குரலே உடனுக்குடன் ஒலித்தது. அவர்களும் பெயரைத்தான் பிடித்தார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கு வானொலியில் ஒரு விசித்திரமான இடம் உண்டு. நகருக்கு வடக்கே ஜேர்மனியின் டொய்ச்சே வெலே 1980களிலிருந்து பெரியதோர் அஞ்சல் நிலையத்தை நடத்தியது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. அத்தனை வருடங்களாக எங்கள் மண்ணில் நின்ற கோபுரங்கள், எங்கோ பேசிய குரலை வாங்கி வேறெங்கோ அனுப்பிக்கொண்டிருந்தன. கரைவலை இழுப்பவனின் பாட்டு அந்தக் கோபுரத்தில் ஏறியதில்லை. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று எங்களைச் சொல்கிறார்கள். துறைமுகத்தைப்போலவே எங்கள் வான்வெளியும் மற்றவர்களுக்குப் பயன்பட்டது.

இனி இளைஞர்களின் கணக்குக்கு வருவோம். கொழும்பு எஃப்.எம். இலவசமாக வருகிறது. பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலும் தேத்தண்ணிக் கடையிலும் ஒலிக்கிறது. இணைய வானொலியைக் கேட்பவர் 'டேட்டா'வுக்குக் காசு கொடுக்கிறார். 2022இன் மின்வெட்டு நாட்களில் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதே பெரும்பாடாக இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சும்மா கிடைக்கும் பாட்டைக் காசு கொடுத்துக் கேட்க எவன் வருவான்? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சிறிய நிலையம், பெரிய நிலையம் என்று பார்க்காது. திரைப்பாடலுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். வாடகையே கட்ட முடியாதவர்கள் அந்தக் காசுக்கு எங்கே போவது? எங்கள் ஊர்ப் பாடகரிடம் என்றால் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு எழுத்தில் அனுமதி வாங்கி வரலாம்.

காசு கொடுத்துக் கேட்பவர்கள் யார் என்று அன்றிரவு கணினியில் பார்த்தோம். பாதிக்கு மேல் கட்டாரிலும் சவூதியிலும் குவைத்திலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள். இரவு வேலை முடிந்து அறைக்குத் திரும்பியபின் திறக்கிறார்கள். சென்னையில் நேற்று வெளியான பாட்டு அவர்களுக்கு எங்கும் கிடைக்கும். கிண்ணியாவில் மழையா, மூதூரில் மீன் பட்டதா, ஜமாலியாவில் யார் மௌத்து என்பதெல்லாம் வேறெங்கும் கிடைக்காது.

பாட்டிலும் அப்படித்தான். எழுபதுகளில் இலங்கை வானொலி உள்ளூர்க் கலைஞரின் மெல்லிசையைப் பதிவு செய்து பரப்பியது. எங்கள் திருகோணமலையின் பரமேஸ்–கோணேஸ் சகோதரர்கள் அந்த மெல்லிசையில் பெயர் பெற்றவர்கள். ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பைலாத் தாளத்தில் தமிழைப் பாட வைத்தார்கள். மனோகரனின் 'சுராங்கனி' தமிழும் சிங்களமும் கலந்து கடலைத் தாண்டிப் போன பாட்டு. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் வழிவழியாகப் பாடிய கவிகள் இருக்கின்றன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் அவற்றைத் தேடித் தொகுத்து நூல்களாக்கினார். நூலில் சொல் இருக்கிறது. அது எந்த இழுவையில் பாடப்பட்டது என்பதற்குக் குரல் வேண்டும். பக்கீர்மாரின் றபான் பைத்து, கலியாண ஊர்வலத்தின் களிகம்பு, பொல்லடி, தமிழ் வீடுகளின் தாலாட்டு, கூத்து, கரைவலை அம்பா என்று எங்கள் மாவட்டத்திலேயே ஒரு களஞ்சியம் இருக்கிறது. அம்பாவுக்கு மதமில்லை. மேற்குக் கரையிலிருந்து பருவத்துக்கு வந்து வாடி போடும் சிங்கள மீனவருக்கும் வலை ஒரே பாரம்தான்.

செய்தி வாசிக்கும் தங்கச்சி என்னைப் பார்த்துக் கேட்டார்: "சேர், இது கேஸ்கர் செய்த வேலைதானே? சாஸ்திரிய சங்கீதத்துக்குப் பதிலா நாங்க நாட்டார் பாட்ட ஊட்டப் போறம்." கூர்மையான கேள்வி. முழு நாளும் அம்பாவும் கவியும் போட்டால் நூலகத்தில் வைத்த புத்தகத்தைப்போலத்தான் வானொலியும் ஆகும். ரசனையை மேலிருந்து இறக்கும் எவருக்கும் அந்த முள் ஒருநாள் திரும்பும்.

விடிய விடியப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். முடிவு அவர்களுடையது. ஒவ்வொரு மணித்தியாலத்திலும் குறைந்தது இரண்டு பாட்டு இந்த மாவட்டத்துக் குரலாக இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த மெல்லிசையும் பொப் இசையும் பகலில். சுபஹுக்குப் பின்னரும் மஃரிபை ஒட்டியும் கருவியில்லாத கீதமும் பைத்தும். கிழமையில் இரு மாலைகள் சிங்களத்தில். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதைக் கேட்டவரின் பெயர், ஊர், எங்கிருந்து கேட்கிறார் என்ற விபரம். ரமழானில் எங்கள் ஊரின் நேரத்துக்கு அதான். கிழக்குக் கரையில் சூரியன் கொழும்பைவிடச் சில நிமிடங்கள் முந்தி மறைகிறது. கொழும்பின் அதானைக் கேட்டு நோன்பு திறந்தால் அந்த நிமிடங்கள் பிந்தும். இதை ஓர் உள்ளூர் நிலையமே கவனிக்கும்.

பெரியவர் முழுத் திருப்தி அடையவில்லை. இசை பற்றிய அவருடைய நிலைப்பாட்டை நான் விவாதிக்கவுமில்லை. அது ஆலிம்களின் சபையில் பேச வேண்டியது. அவர் தந்துவந்த தொகையைப் பாதியாக்கினார், நிறுத்தவில்லை. சினிமாப் பாட்டு கேட்ட கடைக்காரர் விலகிவிட்டார். கட்டாருக்குப் பயணச்சீட்டுப் போடும் கடையொன்று அந்த இடத்துக்கு வந்தது. வாடகை நிலுவையில் இரண்டு மாதம் தீர்ந்தது. மூன்றாவது இன்னும் கிடக்கிறது.

எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை. கேட்பவர் தங்கும் நேரம் கூடியிருக்கிறது என்கிறார்கள். ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். கிண்ணியாவில் ஒரு வீட்டிலிருந்து பழைய கசெற் ஒன்று வந்தது. எண்பதுகளில் சவூதியிலிருந்த கணவருக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்து அனுப்பி, அவரோடு திரும்பி வந்த கசெற். சுகம் விசாரித்து, ஆடு குட்டி போட்டதைச் சொல்லி, நடுவில் பிள்ளையைத் தாலாட்டுகிறது ஒரு பெண் குரல். பின்னால் சேவல் கூவுகிறது. வீட்டாரின் சம்மதத்தோடு தாலாட்டை மட்டும் ஒலிபரப்பினார்கள். அந்தப் பிள்ளை இன்று டோஹாவில் வாகனம் ஓட்டுகிறார். உம்மா மௌத்தாகிப் பல வருடம். வீதியோரம் வாகனத்தை நிறுத்திவிட்டுக் கேட்டதாகக் குரற்பதிவு அனுப்பியிருந்தார். அதில் பேச்சு அதிகமில்லை. இன்னொரு தரம் போடும்படி கேட்டிருந்தார். அதற்கடுத்த கிழமை ஒன்பது கசெற்றுகள் வந்தன. அவற்றில் இரண்டு தமிழ் வீடுகளிலிருந்து.

அவற்றில் பாதி பூஞ்சணம் பிடித்தவை. நாடா சுற்றும்போது அறுகிறது. ஓடக்கூடிய ஒரு நல்ல ரேப் ரெக்கோடரைத் தேடி இளைஞர்கள் கடைகடையாக அலைகிறார்கள். கடற்கரைக் காற்றின் உப்பும் 2004 சுனாமியும் தின்றது போக மீந்த குரல்கள்தான் இவை.

ஆகவே இந்தச் சஞ்சிகையின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வாப்பா, மூத்தம்மா காலத்து கசெற்றுகள் உங்கள் அலுமாரியிலோ பரணிலோ கிடந்தால் வெயிலில் வைக்க வேண்டாம், பழைய கருவியில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். யார் பேசுகிறார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருடம் என்பதை ஒரு துண்டில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். பாடத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சம்மதித்தால், கையிலுள்ள கைபேசியிலேயே இன்றைக்குப் பதிந்துவிடுங்கள். முதலில் அவர்களின் பெயரைச் சொல்ல வையுங்கள். பாட்டு அதற்குப் பிறகு வரட்டும்.