பேரன் பேத்தியுடன் மயிலையும் அல்லிக்கேணியும்

அரையாண்டு விடுமுறைக்குச் சென்னை வரும் பேரக்குழந்தைகள் தங்குவது மிஞ்சினால் பத்து நாட்கள். அந்தப் பத்து நாட்களுக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கும் தாத்தா பாட்டிகள் இந்நகரில் ஏராளம். எங்கே அழைத்துச் செல்வது என்ற பேச்சு எழுந்தால், குளிரூட்டப்பட்ட பெரிய வணிக வளாகங்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. கோயில் என்றதும் குழந்தைகளின் முகம் சுருங்குகிறது. அதற்குக் குழந்தைகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

மந்தைவெளியில் வசிக்கும் ஒரு முதிய தம்பதியருக்கு நேர்ந்ததே இதற்குச் சான்று. பெங்களூரிலிருந்து வந்த பேத்தியையும் பேரனையும் சென்ற ஆண்டு ஒரு விசேஷ நாளில் தரிசனத்திற்கு அழைத்துச் சென்றனர். வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்க நேர்ந்தது. நெரிசலில் நான்கு வயதுப் பேரனின் கை நழுவியது. பூ விற்கும் பெண்மணி ஒருவர் குழந்தையைத் தம் கடையருகே நிறுத்தி வைத்திருந்ததால் சில நிமிடங்களில் கிடைத்துவிட்டான். ஆனால் அன்றிலிருந்து, “கோயிலுக்கு வரமாட்டேன்” என்பதே அவன் பேச்சாயிற்று. தொலைபேசியில் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் பாட்டிக்கு மனம் கலங்கும். தாம் ஆசையோடு அழைத்துச் சென்றதே குழந்தையைப் பெருமாளிடமிருந்து விலக்கிவிட்டதோ என்ற ஏக்கம் அது.

இந்த மார்கழியில் அவர்கள் முறையை மாற்றிக்கொண்டனர். விசேஷ நாட்களைத் தவிர்த்தனர். ஒரு நாளைக்கு ஒரே கோயில்; அங்கும் ஒரு மணி நேரத்திற்கு மேல் இல்லை. “சாமி பார்க்கப் போகலாம்” என்று அழைக்கவும் இல்லை. “பசுவுக்குக் கீரை கொடுக்கப் போகிறோம், வருகிறாயா?” என்றார் தாத்தா. பேரன் சற்று யோசித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

திருமயிலை கபாலீசுவரர் ஆலயத்தின் வாசலிலேயே அகத்திக்கீரைக் கட்டுகள் கிடைக்கும். ஆளுக்கொரு கட்டு வாங்கிக் கொடுத்துவிட்டால், குழந்தைகளின் கால் தானாகவே கோசாலையை நோக்கி நடக்கும். பசுவின் நாக்கு உள்ளங்கையில் படும் சிலிர்ப்பை எந்த விளையாட்டுப் பொருளும் தருவதில்லை. அதன் பிறகு பிராகாரத்தைச் சுற்றுவதற்கு வற்புறுத்தல் தேவைப்படாது.

கிழக்கே சுமார் 120 அடி உயர்ந்து நிற்கும் இராஜகோபுரம் 1906-ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. குழந்தைகளுக்கு அந்த ஆண்டுக்கணக்கு வேண்டியதில்லை. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களில் எத்தனை காளை, எத்தனை யானை என்று எண்ணச் சொன்னால் போதும். கழுத்து வலிக்கும் வரை எண்ணுவார்கள். உள்ளே நுழைந்ததும் நர்த்தன விநாயகர். அங்கே தோப்புக்கரணம் போடும் போட்டியில் தாத்தா தோற்றுப்போவது நல்லது. முழங்காலுக்கும் அதுவே நல்லது.

தல விருட்சமான புன்னையின் அடியில் அம்பிகை மயிலுருக் கொண்டு சிவலிங்கத்தைப் பூசிக்கும் காட்சி அமைந்துள்ளது. மயிலை என்ற பெயர் எப்படி வந்தது என்று ஒரு சொல்லும் பேசாமலே காட்டிவிடலாம். பேத்திக்கு எட்டு வயது. கதை கேட்கும் வயது. அவளுக்குத் தாத்தா சொன்னது பூம்பாவையின் வரலாறு. சிவநேசச் செட்டியாரின் மகள் பூப்பறிக்கச் சென்ற இடத்தில் அரவம் தீண்டி இறந்ததும், அஸ்தியைத் தந்தை குடத்தில் காத்து வைத்ததும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பியதும் பெரியோர் அறிந்ததே. அந்தப் பதிகம் முழுவதும் மயிலையின் திருவிழாக்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. கார்த்திகை விளக்கீடும், மார்கழித் திருவாதிரையும், தைப்பூசமும், பங்குனி உத்திரமும் காணாமலே போவாயோ என்று சம்பந்தப் பெருமான் வினவுகிறார். பேத்தி கேட்டாள், “திருவிழா பார்க்கணும்னுதான் அந்தப் பொண்ணு எழுந்து வந்தாளா தாத்தா?” தாத்தா சிறிது நேரம் பதில் சொல்லவில்லை. பாட்டிதான், “ஆமாம் கண்ணு” என்றார்.

கற்பகாம்பாள் சந்நிதியில் கூட்டம் குறைவாக இருக்கும் நேரம் காலைப் பூசைக்குப் பின், பத்து மணி சுமாருக்கு. அதற்கு மேல் தாமதித்தால் கல்தளம் சுடத் தொடங்கும். குழந்தைகளின் பாதம் தாங்காது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். வெளியே வந்தால் சந்நிதித் தெருவிலும் மாட வீதிகளிலும் சிறு விளையாட்டுச் செப்புகள் விற்கும் கடைகள் உண்டு. அடுப்பும் அம்மியும் உரலும் உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருக்கும். பேத்தி அம்மியை எடுத்துக்கொண்டு அது என்னவென்று கேட்டது, பாட்டிக்கு அரை மணி நேரப் பேச்சுக்கு இடம் தந்தது.

இரண்டு நாள் கழித்துத் திருவல்லிக்கேணிப் பயணம். மந்தைவெளியிலிருந்து பறக்கும் ரயில் செல்கிறது. உயரத்தில் ஓடும் ரயிலின் சன்னலோர இருக்கை குழந்தைகளுக்குத் தனி இன்பம். நிலையங்களின் படிகள் மூட்டுவலிக்காரர்களுக்குச் சோதனைதான். ஏற இயலாதவர்கள் ஆட்டோவில் செல்வதே உத்தமம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மாலை நான்கு மணிக்கு மேல் நடை திறக்கும் பார்த்தசாரதி ஆலயத்தில், மூலவராக வேங்கடகிருஷ்ணர் நின்ற திருக்கோலத்தில் சேவை சாதிக்கிறார். பெருமாளுக்கு அடர்ந்த மீசை. திருக்கரத்தில் சங்கு உண்டு, சக்கரம் இல்லை. பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் கோலம். உற்சவரின் திருமுகத்தில் காணும் வடுக்கள், தேரோட்டியாக நின்று பீஷ்மரின் அம்புகளை ஏற்றதால் வந்தவை என்பது ஐதீகம்.

பேரன் தாத்தாவின் தோளில் இருந்தபடி மீசையையே பார்த்துக்கொண்டிருந்தான். “சாமிக்கு வலிச்சுதா?” என்றான். அர்ச்சகர் காதில் அது விழுந்தது. “வலிச்சிருக்கும். ஆனா அர்ஜுனனை விட்டுட்டுப் போகலையே” என்று சொல்லித் துளசியும் தீர்த்தமும் கொடுத்தார்.

இத்தலத்தின் சிறப்பு இன்னொன்றுண்டு. இறைவன் இங்கே தனித்தோ தேவியருடன் மட்டுமோ நிற்கவில்லை. ருக்மிணிப் பிராட்டி, தமையன் பலராமர், இளையவன் சாத்யகி, மகன் பிரத்யும்னன், பேரன் அநிருத்தன் எனக் குடும்பத்தோடு எழுந்தருளியிருக்கிறார். தாத்தாவும் பேரனும் ஒரே கருவறையில் நிற்பதைத் தாத்தாவும் பேரனுமாகச் சென்று தரிசிக்கும் வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. மேற்கு நோக்கிய தெள்ளியசிங்கர் சந்நிதியில், யோகத்தில் அமர்ந்த பெருமாளின் மோனம் கலையாதிருக்க மணிகளுக்கு நாக்கு இல்லை என்பர். இதைக் கேட்ட குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தனர். அத்தனை அமைதியை அவர்களிடம் வீட்டில் கண்டதில்லை என்றார் பாட்டி. பிறகு சர்க்கரைப் பொங்கல். அதைப் பற்றி அல்லிக்கேணி அறிந்தவர்களுக்கு எழுதத் தேவையில்லை.

ஆலயத்திலிருந்து கடற்கரை அதிகத் தொலைவில்லை. போகும் வழியில் விவேகானந்தர் இல்லம். 1842-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகக் கட்டப்பட்ட கட்டடம் அது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. 1897-இல் மேலைநாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் இங்கு ஒன்பது நாட்கள் தங்கினார். அத்தனை தூரம் வந்த ஐஸ் ஏன் உருகவில்லை என்ற வினாவுக்கு, மரத்தூளில் பொதிந்து அனுப்பினார்கள் என்று தாத்தா விளக்கியும் பேரனுக்குத் திருப்தி ஏற்படவில்லை. உள்ளே சென்று காண விரும்புவோர் வார விடுமுறை நாளை முன்பே விசாரித்துக்கொள்ளலாம்.

மெரினாவில் ஒரு செய்தியில் மட்டும் கண்டிப்பு வேண்டும். அலையில் கால் நனைக்கும் ஆசைக்கும் இடம் கொடுக்கலாகாது. அங்கே நீரோட்டம் வலிது. கரை சட்டென்று ஆழமாகிறது. குழந்தைகளின் பின்னால் ஓடும் வேகம் எழுபது வயதுக்கு இல்லை. மணலிலேயே அமர்ந்து தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் தின்று, ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றி, இருட்டுமுன் எழுந்துவிடுவது நலம். அவர்கள் அப்படியே செய்தனர்.

பெங்களூருக்குப் புறப்படும் நாளன்று காலையில் பேரன் ஒரு தாளைக் கொண்டுவந்து தாத்தாவிடம் நீட்டினான். பெரிய மீசையோடு ஒருவர், கையில் சங்கு. அருகே வரிசையாக ஐந்து பேர். கடைசியில் நின்ற சிறுவனுக்கு மட்டும் கோடு போட்ட சட்டை. அன்று அவன் அணிந்திருந்த அதே சட்டை. பூசையறையில் வைக்க இடம் தேடிய பாட்டி, பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டு அந்த ஆணியில் அதை மாட்டினார்.