வேருக்கும் மூச்சு வேண்டும்

எங்கள் இல்லத்தின் முன்கூடத்தில், சன்னலையொட்டி, ஒரு மண்தொட்டி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவந்தது. வாள்போல் நிமிர்ந்த தடித்த இலைகளும், அவ்விலைகளின் இரு ஓரங்களிலும் பொன்னிற விளிம்பும் உடைய செடியொன்று அதில் வளர்ந்திருந்தது. நகரங்களில் அதனை 'ஸ்நேக் பிளாண்ட்' என்று அழைக்கிறார்கள். நம் நாட்டுப்புறங்களில் நார் எடுக்கப் பயன்பட்ட மருளுக்கு அது நெருங்கிய உறவு. அதன் தாயகமோ மேற்கு ஆப்பிரிக்கா. அதனை நட்டு வளர்த்தவர் என் அன்னையார். 2019-ஆம் ஆண்டு அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்தபின், அச்செடியைப் பேணும் பொறுப்பு என்னை வந்தடைந்தது. வெளியூரில் வாழும் என் தங்கை, "அக்கா, அம்மாவின் செடியில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும். அடுத்த முறை நான் வரும்போது பிரித்துக் கொடு" என்று கேட்டிருந்தாள். நானும் வாக்களித்திருந்தேன்.

அவ்வாக்கை என்னால் முழுமையாகக் காப்பாற்ற இயலவில்லை. செடியைக் கவனியாமல் விட்டது அதற்குக் காரணம் அன்று. அளவுக்கு மிஞ்சிக் கவனித்ததே காரணம்.

மறு ஆண்டு வீட்டிற்கு வெள்ளையடித்தபோது, பழைய மண்தொட்டி கூடத்தின் அழகுக்குப் பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றிற்று. வெண்மையாய் மின்னும் பீங்கான் தொட்டியொன்றை வாங்கிச் செடியை அதற்கு மாற்றினேன். அதன் அடியில் துளை இல்லை. தரையில் நீர் கசியாதல்லவா என்று அதனையும் ஒரு வசதியாகவே எண்ணினேன். நீர் கீழே வடிந்து தங்கட்டும் என்று அடியில் கூழாங்கற்களைப் பரப்பினேன். பின்னர் நாள்தோறும் காலையில் ஒரு குவளை நீர் ஊற்றிவந்தேன். அன்னையை நினைத்துக்கொள்வதற்கு அது ஒரு வேளையாகவும் அமைந்தது.

ஐப்பசி மழை தொடங்கியது. வெயில் குறைந்தது, என் குவளை மட்டும் குறையவில்லை. கார்த்திகையில் இலைகள் தளர்ந்து சாய்ந்தன. வாடிய செடியைக் கண்டால் யாருக்கும் முதலில் தோன்றுவது தாகம்தானே! ஆகவே ஒரு குவளையை இரண்டாக்கினேன். ஒரு வாரம் சென்றது. நடுவிலிருந்த இலை அடியில் பழுப்பேறிக் குழைந்து, தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது. தொட்டியிலிருந்து சாக்கடை வாடை எழுந்தது.

நாற்றுப்பண்ணையில் நெடுங்காலம் பணியாற்றிய பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரை அழைத்துக் காட்டினேன். அவர் செடியைத் தொட்டியோடு கவிழ்த்து, மண்ணை முகர்ந்து பார்த்தார். "அம்மா, இது தாகத்தால் வாடிய செடியன்று; மூச்சு முட்டி வாடிய செடி. வேர் அழுகிவிட்டது" என்றார்.

அன்று அவர் கூறியதையும், பின்னர் நான் படித்து அறிந்ததையும் இங்கே தருகிறேன். மண் துகள்களுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் உள்ளன. அங்குள்ள காற்றிலிருந்தே வேர்கள் உயிர்வளியைப் பெறுகின்றன. அவ்விடைவெளிகளில் எந்நேரமும் நீர் நிறைந்திருந்தால், காற்றுக்கு இடமில்லை. காற்றில் பரவுவதைவிட நீரில் உயிர்வளி ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். மூச்சிழந்த வேர் நீரை உறிஞ்சும் ஆற்றலையும் இழக்கிறது. ஆதலால் நீரின் நடுவில் நின்றபடியே இலை வாடுகிறது. அதனைத் தாகமென்று எண்ணி நாம் மேலும் ஊற்றுகிறோம்.

நலிந்த வேரைப் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நுண்ணுயிர்கள் எளிதில் பற்றிக்கொள்கின்றன. ஈர மண்ணில் நீந்திச் சென்று வேரை அடையும் வித்துகள் இவற்றுக்கு உண்டு. நாற்றங்காலில் நாற்றழுகலையும், இஞ்சியில் கிழங்கழுகலையும் உண்டாக்குவது பித்தியம். மிளகுக் கொடியை விரைந்து வாட்டுவது பைட்டோப்தோரா. 1845-ஆம் ஆண்டு முதல் ஆயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்தை விளைவித்ததும் இவ்வினத்தைச் சேர்ந்த ஒன்றே.

நான் பரப்பிய கூழாங்கற்களும் பயன்படவில்லை. நுண்ணிய மண்ணிலுள்ள நீர், அம்மண் முற்றும் நனைந்து நிரம்பும்வரை, கீழேயுள்ள பெருங்கற்களுக்குள் எளிதில் இறங்குவதில்லை. எனவே கற்கள் ஈரத்தைக் குறைக்காமல், அதனை வேருக்கு அருகில் உயர்த்தியே வைத்தன.

பெரியவர் வேர்களைக் குழாய் நீரில் கழுவினார். நல்ல வேர் வெளிறிய நிறத்தோடு உறுதியாக இருக்கும். அழுகியது கறுத்துக் குழைந்து, இழுத்தால் மேல்தோல் உரிந்து நடுநரம்பு மட்டும் நூல்போல் எஞ்சும். நல்ல வேர் ஓரளவேனும் இருந்தால், அழுகியவற்றை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் முற்றும் அறுத்தெறிந்து, பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, புதுமண்ணில் நடலாம். மணி பிளாண்ட் போன்ற கொடியாயின், நலமான தண்டைக் கணுவோடு வெட்டி நீரில் இட்டால் புதுவேர் விடும்.

எங்கள் செடியிலோ, மண்ணுக்குள்ளிருந்த கிழங்கு முழுவதும் அழுகிப்போயிருந்தது. நலமாயிருந்தவை இரண்டு இலைகளே. அவற்றை நான்கு அங்குலத் துண்டுகளாக்கி, அடிப்பக்கம் எதுவென்று குறியிட்டு, வெட்டுவாய் காயும்படி மூன்று நாள் நிழலில் வைத்தோம். தலைகீழாக நட்டால் வேர் விடாது. பிறகு செம்மண் ஒரு பங்கு, பருமணல் இரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு கலந்து நட்டோம்.

கொல்லையில் கிடந்த பழைய மண்தொட்டியைக் கண்ட பெரியவர், "இதையா ஒதுக்கினீர்கள்? சுட்ட மண் பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியேற்றும். விரல் முட்டியால் தட்டினால், காய்ந்திருந்தால் கணீரென்று ஒலிக்கும், ஈரமாயிருந்தால் மந்தமாக ஒலிக்கும்" என்றார். அப்பொழுதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்னையார் தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் அதனைத் தட்டிவிட்டுச் செல்வார்கள். அது வெறும் கைப்பழக்கம் என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். அவர்களுடைய செடியை நான் பெற்றுக்கொண்டேன். செடியைக் கேட்டறியும் பழக்கத்தைப் பெறவில்லை.

துண்டுகள் இரண்டு திங்களில் வேர்விட்டன; அடுத்த கோடையில் குருத்துகள் எழுந்தன. ஆனால் அவை முற்றும் பச்சையாகவே வளர்ந்தன. பொன்விளிம்புள்ள இலையைத் துண்டாக்கி வளர்த்தால், புதுச்செடிக்கு அவ்விளிம்பு வருவதில்லை. கிழங்கைப் பிரித்து நட்டால்தான் வரும். அக்கிழங்கைத்தான் நான் அழுகவிட்டேனே!

2022-ஆம் ஆண்டு தங்கை வந்தாள். பச்சைச் செடிகளைப் பார்த்து, "இவை அம்மாவின் செடிதானா?" என்று கேட்டாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மண்தொட்டிகளுள் ஒன்றைத் தூக்கி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். "இன்றைக்கு நீர் வேண்டாம், அக்கா. அம்மா இப்படித்தான் பார்ப்பார்கள்" என்றாள். அத்தொட்டியையே தன்னுடன் எடுத்துச் சென்றாள்.

இல்லங்களில் செடி வளர்ப்போர்க்கு நான் சொல்லக்கூடியது சிறிதே. தொட்டியில் துளை இருக்கட்டும். தொட்டி வேரின் அளவுக்கு மிகப் பெரிதாக வேண்டாம். தட்டில் தேங்கிய நீரை அப்போதைக்கப்போது கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் கைகளைச் சுருக்குங்கள். செடி வாடியதைக் கண்டு குவளையை எடுக்குமுன், விரலை இரண்டு அங்குலம் மண்ணில் ஊன்றிப் பாருங்கள். ஈரம் இருந்தால், குவளையைக் கீழே வையுங்கள். அதுவும் அன்பின் செயலே.