புளியமரச் சாலைக்கு ஒரு தீர்மானம்

ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க, மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். போன மாதம் வண்டியை ஓரம் நிறுத்திப் பார்த்தேன். குட்டி வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்க, ஒரு தாய்க்குரங்கு அதில் நிதானமாக நடந்துபோனது. கீழே லாரி போய்க்கொண்டிருந்தது.

மேலே குரங்குகளுக்கு ஆள் இருக்கிறது; அடிவாரத்தில் நம் சாலையோரப் புளியமரங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து கேட்கப் போகிறேன். மரத்துக்கு மரம் எண் போட்டு ஒரு பதிவேடு வேண்டும். விழுந்த மரத்தின் பக்கத்திலேயே கூண்டோடு கன்று நட வேண்டும். சாலையை அகலப்படுத்தியே ஆகவேண்டுமென்றால் ஒரு பக்க மரங்களாவது நிற்கட்டும்.

நேற்று ஒரே மரத்திலிருந்து, விளம்பரத் தட்டிக்கு அடித்த 11 ஆணிகளைப் பிடுங்கினேன். கடைசி ஆணியோடு பட்டையும் பெயர்ந்து வந்தது. கிராம சபைக்கு ஊர்க்காரர்கள் அவசியம் வாருங்கள்.