இறுக்கத்தின் அளவுகோல்

பக்கவாதத்தை அரபி மொழி 'ஃபாலிஜ்' என்னும். இரண்டாகப் பிளத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. இழுத்துச் சுருங்கும் தசைக்கோ 'தஷன்னுஜ்' என்பது பெயர். இப்னு ஸீனா தம் 'கானூன்' நூலில் இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்ந்துள்ளார். தளர்ச்சியும் இறுக்கமும் ஒரே கையில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை எம் காக்காவிடம் நாம் கண்ணாரக் கண்டோம்.

நோய் கண்ட முதல் வாரங்களில் அவருடைய வலக்கை துணிபோல் தொங்கிற்று. மூன்றாம் மாதத்தில் முழங்கை மடங்கியது. விரல்கள் உள்ளங்கைக்குள் புதைந்தன. பார்க்க வந்தோருள் ஒருவர், "பிடி வந்துவிட்டது, இனி நலம்தான்" என்றார். மற்றொருவர், "முன்னைவிட மோசம்" என்றார். காக்காவின் மகனோ, "வாப்பா மனம் வைத்தால் விரியும், முயல மாட்டேன் என்கிறார்கள்" என்று வெதும்பினார். நாக்குக் குழறிய காக்கா மறுமொழி கூற இயலாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவ்வழக்கைத் தீர்த்து வைத்தது ஓர் அளவுகோல். பிசியோதெரபி செய்ய வந்த பெண்மணி, காக்காவைப் படுக்க வைத்து, மடங்கிய முழங்கையை ஏறக்குறைய ஒரு நொடியில் நீட்டினார். கை இடையில் வெடுக்கெனத் தடைப்பட்டது. ஏட்டில் '2' என்று எழுதினார். பிரயன் ஆஷ்வொர்த் என்னும் மருத்துவர் 1964இல் வகுத்த அளவு இது. தசையில் மிகையான இறுக்கம் இல்லையெனில் 0. அசைக்கவே இயலாதபடி விறைத்திருந்தால் 4. 1987இல் பொஹானன், ஸ்மித் என்னும் இருவர் 1க்கும் 2க்கும் இடையே '1+' என ஒரு படியைச் சேர்த்தனர்.

ஆயினும் இவ்வளவில் ஒரு குறை உண்டு. தடை நரம்பின் மிகையால் வந்ததா, தசையே குறுகிப்போனதால் வந்ததா என்பதை அது பிரித்துக் காட்டுவதில்லை. அதற்குப் பிரெஞ்சு மருத்துவர் தார்தியூவின் பெயர் கொண்ட முறை உதவுகிறது. அப்பெண்மணி கோணமானியை வைத்தார். முழுக்க மடங்கிய நிலையிலிருந்து விரைவாக நீட்டியபோது 60 பாகையில் தடை. மிக மெதுவாக நீட்டியபோதோ 130 பாகை வரை கை இணங்கி வந்தது.

"தம்பி, இந்த 70 பாகை வேறுபாட்டைப் பாருங்கள். இது ஐயாவின் பிடிவாதமன்று, நரம்பின் வேலை. தசை இன்னும் பெரிதும் குறுகிவிடவில்லை. வெடுக்கென இழுத்தால் இறுகும், மெதுவாக விரித்தால் இணங்கும்" என்றார்.

தண்டுவடத்தில் ஓர் அனிச்சைச் செயல் உண்டு; தசையை இழுத்தால் அது எதிர்த்துச் சுருங்கும். மூளை அதனை அடக்கி வைத்திருக்கிறது. மூளை பழுதுறின் அவ்வடக்கம் தளர்கிறது. இழுக்கும் வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடுகிறது. 1980இல் லான்ஸ் என்னும் அறிஞர் தந்த வரையறையின் சாரம் இதுவே.

வலி, குளிர், கவலை, சிறுநீர் அடைப்பு ஆகியனவும் இறுக்கத்தை மிகுவிக்குமாம். ஆகவே, ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், ஒரே கிடையில் அளக்க வேண்டும். இன்றேல் நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒப்பிடத் தகா.

எண்களுக்குக் கீழே அப்பெண்மணி மேலும் ஒன்றைக் குறித்தார்: "உள்ளங்கை கழுவும் அளவுக்கு விரல்கள் விரிய வேண்டும்." இறுக்கம் ஒரு படி குறைந்தது என்பதனால் மட்டும் நோயாளியின் வாழ்வு எளிதாகிவிடாது, அன்றாடக் காரியம் ஒன்று கைகூட வேண்டும் என்பது அவர் கருத்து.

அந்நாள் முதல் மகன் தந்தையைக் குறைகூறியதை நாம் கேட்டிலோம். ஒளூவின்போது அருகில் அமர்ந்து, விரல்களை ஒவ்வொன்றாக, அவசரமின்றி விரித்து, உள்ளங்கையில் நீர் வார்க்கிறார். காக்காவும் இப்பொழுது சுவர்ப்பக்கம் திரும்புவதில்லை.